முதலில் டெஸ்டர், அப்புறம் ரெஞ்ச்: திருகோணமலை தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத்தில் இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் நிலையங்களின் பொறுப்பாளர்களுக்கும், அவற்றின் கொள்வனவுக் குழுவினருக்கும், வெளிநாட்டிலிருந்து கருவி வாங்கி அனுப்ப முன்வரும் நம் உறவுகளுக்கும்,

வணக்கம்.

மோட்டார் மெக்கானிக் வேலை படிப்பிக்கும் இடங்களில் விமானப் பராமரிப்புக்கும் ஒரு அடிப்படை வகுப்பைச் சேர்க்கலாமா என்று கொஞ்ச நாளாகப் பலர் என்னிடம் கேட்கிறார்கள். கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. சீனக்குடா ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து நம் தலைக்கு மேலே விமானங்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் கவ்லிங்கை, அதாவது எஞ்சினின் வெளி மூடியை, திறந்து எஞ்சினில் கைவைக்கும் தொழில் இங்குள்ள தமிழ் பேசும் வீடுகளில் இன்னும் தூரத்துத் தொழிலாகவே தெரிகிறது. அதைப் பக்கத்தில் கொண்டுவர நினைக்கும் எல்லாருக்கும் என் நன்றி.

பேச்சு கருவிப் பட்டியலுக்கு வந்ததும் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். டோர்க் ரெஞ்ச், அதாவது நட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளக்கும் ரெஞ்ச், திரையில் எண் காட்டும் டிஜிட்டலாக வாங்குவதா, வைத்த அளவு வந்ததும் சத்தம் போடும் கிளிக் வகையாக வாங்குவதா? கனடாவிலிருந்து ஒரு தம்பி, "அண்ணை, நல்ல டிஜிட்டல் நாலு வாங்கி அனுப்பட்டோ?" என்று கேட்டார். வளைகுடா நாடொன்றின் விமானக் கொட்டகையில் (ஹேங்கரில்) இரண்டு வகையோடும் நீண்ட காலம் வேலை செய்தவன் என்ற முறையில் அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். இருக்கும் காசில் முதல் பங்கை ரெஞ்சைச் சோதிக்கும் ஒரு டோர்க் டெஸ்டருக்கும், கருவி சரியாக அளக்கிறதா என்று ஆய்வுகூடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும் கலிபிரேஷனுக்கும் ஒதுக்குங்கள். அடுத்த பங்கில் வெவ்வேறு அளவுகளில் கிளிக் ரெஞ்சுகள் வாங்குங்கள். டிஜிட்டல் ஒன்று போதும், ஆனால் அந்த ஒன்று கட்டாயம் வேண்டும்.

ஏன் என்று சொல்வதற்கு முன், நட்டை இறுக்கும்போது என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். கொள்வனவுக் குழுவில் இருக்கும் எல்லாரும் மெக்கானிக் இல்லைதானே.

நமக்கு வேண்டியது போல்ட்டுக்குள் உண்டாகும் இழுவிசை. இறுக்க இறுக்க போல்ட் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீளும். அது பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்ப்பதால்தான் இரண்டு பாகங்களும் அழுந்திப் பிடித்திருக்கின்றன. வேலை செய்யும் இடத்தில் அந்த இழுவிசையை நேரே அளப்பது பெரும்பாலும் முடியாத காரியம். அதனால் நட்டைத் திருப்பக் கொடுக்கும் திருப்பத்தை, அதாவது டோர்க்கை, சாதாரண தர விஞ்ஞானத்தில் விசையைத் தூரத்தால் பெருக்கிக் கண்டுபிடித்தோமே, அதையே அளக்கிறோம். அதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்குப் போய்விடுகிறது. பாதியளவு நட்டின் அடிப்பக்கத்தில், மிச்சம் மரையில். பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது. ஆகவே மரையில் எண்ணெய் பட்டிருக்கிறதா, துரு இருக்கிறதா, வொஷர் புதிதா பழையதா என்பதெல்லாம் முடிவை மாற்றிவிடும். ரெஞ்ச் மிகச் சரியாக இருந்தாலும், ஒரே டோர்க்கில் இறுக்கிய இரண்டு போல்ட்டுகளின் இழுவிசை 25 வீதத்துக்கும் மேல் வேறுபடலாம். மரை உலர்ந்திருக்க வேண்டுமா, எண்ணெய் பூசியிருக்க வேண்டுமா என்று பராமரிப்புக் கையேடு அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு துல்லியக் கணக்குக்கு வருவோம். டிஜிட்டலை விற்பவர் முதலில் சொல்வது, "இது 1 வீதம் அல்லது 2 வீதம்தான் பிசகும், கிளிக் 4 வீதம் பிசகும்" என்பது. பொய்யில்லை. கை டோர்க் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 6789 தரம், 10 நியூட்டன் மீற்றருக்கு மேல் போகும் கிளிக் ரெஞ்சுக்கு 4 வீதமும், அதற்கு உட்பட்ட சின்ன ரெஞ்சுக்கு 6 வீதமும் பிசக அனுமதிக்கிறது. நல்ல டிஜிட்டல் அதைவிடத் துல்லியமானது.

அந்தத் துல்லியம் எவ்வளவு தேவை? அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஏசி 43.13-1பி கையேட்டில் பொதுவான போல்ட்டுகளுக்கு ஒரு அட்டவணை உண்டு. 10-32 மரைக்கு (10 போல்ட்டின் பருமன் இலக்கம், 32 ஓர் அங்குலத்தில் உள்ள மரைகள்) 20 முதல் 25 இஞ்ச்-பவுண்ட்; இது அமெரிக்கக் கையேடுகள் டோர்க்கைச் சொல்லும் அலகு. கால் அங்குல 28 மரைக்கு 50 முதல் 70. முதலாவதை எடுத்து நடுவில் 22.5க்கு செட் பண்ணுவோம். சின்ன கிளிக் ரெஞ்ச் 6 வீதம் பிசகினாலும் 21.15க்கும் 23.85க்கும் இடையில்தான் நிற்கும். கேட்ட எல்லைக்குள் வசதியாக அடங்குகிறது. இரண்டாவதில் 60க்கு செட் பண்ணினால் 56.4 முதல் 63.6 வரை; இடம் இன்னும் தாராளம். கையேட்டை எழுதியவர்கள் ரெஞ்ச் பிசகும் என்று தெரிந்துதான் எல்லையை அப்படி வைத்திருக்கிறார்கள். திரையில் தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் தெரிவதால் அந்த நட்டின் பாதுகாப்பு கூடிவிடாது.

ஆனால் இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. ரெஞ்ச் தன் முழு அளவின் 20 வீதத்துக்கும் 100 வீதத்துக்கும் இடையில் பயன்பட வேண்டும். நம் பக்கத்துக் கராஜ்களிலும் பயிற்சிக் கூடங்களிலும் நான் அதிகமாகக் காண்பது 150 அடி-பவுண்ட் வரை போகும் பெரிய கிளிக் ரெஞ்ச். அது 1800 இஞ்ச்-பவுண்ட். அதன் 20 வீதம் 360. சிறிய விமானங்களில் வரும் லைகோமிங் எஞ்சினின் ஸ்பார்க் பிளக் கேட்பது 360 முதல் 420 இஞ்ச்-பவுண்ட். அதற்கே இந்த ரெஞ்ச் தன் அடிமட்டத்தில் நின்று வேலை செய்ய வேண்டும். 25 இஞ்ச்-பவுண்ட் கேட்கும் நட்டில் அதை வைத்தால் கிளிக் சத்தம் கேட்பதற்கு முன்பே போல்ட் முறிந்துவிடும். ஆகவே, "டோர்க் ரெஞ்ச் ஏற்கெனவே இருக்கிறது" என்று பட்டியலில் கோடு போட்டு விடாதீர்கள். எந்த அளவு ரெஞ்ச் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். சிறிய விமான வேலை பழகுவதற்குக் குறைந்தது மூன்று கிளிக் ரெஞ்ச் வேண்டும்: கால் அங்குல டிரைவில் (சொக்கெட் மாட்டும் சதுர முனையில்) சின்னது ஒன்று, மூன்றின் எட்டு அங்குல டிரைவில் நடுத்தரம் ஒன்று, அரை அங்குல டிரைவில் பெரியது ஒன்று. நாலு டிஜிட்டல் வாங்கும் காசில் இந்த மூன்றையும் வாங்கி, கையில் இன்னும் கணிசமான மிச்சம் இருக்கும்.

இனி டிஜிட்டல் எங்கே வெல்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

விமானத்தில் சுயமாகப் பூட்டிக்கொள்ளும் நட்டுகள் நிறைய உண்டு. உள்ளே ஃபைபரோ நைலானோ இருக்கும், அல்லது நட்டின் மேல்பக்கம் சற்று நெரிக்கப்பட்டிருக்கும். அது போல்ட்டில் ஓடிப்போய் உட்காரும் வரைக்குமே ஒரு எதிர்ப்பு இருக்கும். அந்த ஓட்ட டோர்க்கை அளந்து, கையேடு கேட்கும் டோர்க்கோடு கூட்ட வேண்டும். நட்டு ஓடும்போது 12 காட்டி, கையேடு 60 கேட்டால், ரெஞ்சை 72க்கு வைக்க வேண்டும். கூட்டாமல் விட்டால் போல்ட்டுக்குப் போக வேண்டிய இறுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கை நட்டின் நைலான் விழுங்கிவிடும். ஒருமுறை கழற்றிய நட்டை மறுபடி போடலாமா என்பதற்கும் இதே அளவீடுதான் வழி. 7/16-20 மரை நட்டில் குறைந்தது 8 இஞ்ச்-பவுண்ட், அரை அங்குல 20 மரையில் குறைந்தது 10 இருக்க வேண்டும் என்று அதே ஏசி 43.13-1பி சொல்கிறது. இல்லாவிட்டால் நட்டைக் குப்பையில் போட வேண்டும். இந்த ஓட்ட டோர்க்கைக் கிளிக் ரெஞ்ச் காட்டாது. "வந்தது" என்று மட்டும்தான் அதற்குச் சொல்லத் தெரியும். எவ்வளவு என்று சொல்லத் தெரியாது. முள் ஓடும் டயல் வகையோ டிஜிட்டலோ வேண்டும். ஒரு டிஜிட்டல் கட்டாயம் வேண்டும் என்று நான் சொன்னதற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் கோணம். சில எஞ்சின் போல்ட்டுகளை ஒரு டோர்க் வரை இறுக்கிவிட்டு, அப்புறம் இத்தனை பாகை திருப்பு என்று கையேடு கேட்கும். கோணம் காட்டும் டிஜிட்டலில் அது சுலபம். மூன்றாவது, சத்தம். பக்கத்தில் தரை மின்பிறப்பாக்கி ஓடிக்கொண்டிருந்தால், குறைந்த டோர்க்கில் கிளிக் சத்தம் காதுக்கும் எட்டாது, கைக்கும் சரியாகத் தெரியாது. டிஜிட்டலில் வெளிச்சம் வரும், பிடி அதிரும். இதெல்லாம் உண்மையான நன்மைகள். இந்த வேலைகள் வரும்போது டிஜிட்டலைத் தயங்காமல் எடுக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

ஆனால் டிஜிட்டலைக் கொண்டுபோகக் கூடாத இடமும் விமானத்தில் உண்டு. இறக்கைக்குள் எரிபொருள் தாங்கியில் வேலை செய்யும்போது, தீப்பொறி உண்டாகாதபடி தயாரித்துச் சான்று பெற்றதைத் தவிர வேறு எந்த மின்கருவியும் உள்ளே போகக் கூடாது. பற்றரி போட்ட சாதாரண டிஜிட்டல் ரெஞ்சும் அந்தத் தடைக்குள் வரும். அங்கே ஸ்பிரிங்கும் நெம்புகோலும் மட்டும் உள்ள கிளிக்தான் கை கொடுக்கும். கிளிக்கை ஒருமுறையும் பிடிக்காமல் படித்து வந்த பிள்ளை அந்த இடத்தில் என்ன செய்யும்?

டிஜிட்டலில் யூனிட் மாற்றும் பொத்தானைப் பற்றியும் கவலை இருக்கிறது. நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நியூட்டன் மீற்றர் படித்து வருகிறார்கள். அமெரிக்க விமானக் கையேடு இஞ்ச்-பவுண்டிலும் அடி-பவுண்டிலும் பேசும். ஒரு அடி-பவுண்ட் என்றால் 12 இஞ்ச்-பவுண்ட். ஒரு நியூட்டன் மீற்றர் கிட்டத்தட்ட 8.85 இஞ்ச்-பவுண்ட். முதல் ஆள் நியூட்டன் மீற்றரில் விட்டுப்போன டிஜிட்டலை அடுத்த ஆள் எடுத்து, திரையின் மூலையில் இருக்கும் சின்ன எழுத்தைப் பார்க்காமல் 25 என்று வைத்தால், கேட்டதைவிட ஒன்பது மடங்கு கிட்டக் கொடுப்பார். கிளிக் ரெஞ்சிலும் யூனிட் தவறு நடக்கலாம்தான். இரண்டு பக்கமும் வெவ்வேறு யூனிட் பொறித்த ரெஞ்சுகள் இருக்கின்றன. ஆனால் இஞ்ச்-பவுண்ட் மட்டுமே பொறித்த சின்ன ரெஞ்ச் ஒருபோதும் தானாக நியூட்டன் மீற்றருக்கு மாறிவிடாது. வாங்கும்போது அப்படிப் பார்த்து வாங்கலாம்.

அடுத்தது நம் ஊரின் காற்று. துறைமுகத்தைச் சுற்றி இருக்கும் ஊரில் இரும்பு எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று வீட்டில் ஜன்னல் கம்பி வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். மார்கழி மழையில் பெட்டிக்குள் இருக்கும் கருவியிலும் ஈரம் ஏறும். கிளிக் ரெஞ்சுக்கு இது பிரச்சினைதான். உள்ளே ஸ்பிரிங்கும் மசகும் இருக்கின்றன. ஆனால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டு, அளவை அதன் ஆகக்குறைந்த கோட்டுக்கு இறக்கி வைத்தால் நீண்ட காலம் நிற்கும். கோட்டுக்கும் கீழே தளர்த்திவிடக் கூடாது, உள்ளே பாகங்கள் இடம் மாறும். நெடுநாள் சும்மா கிடந்ததை எடுத்தால், வேலைக்கு முன் நாலைந்து தடவை இழுத்துக் கிளிக் வரச்செய்து மசகைப் பரவ விட வேண்டும். டிஜிட்டலில் விடுமுறைக்கு முன் பற்றரியைக் கழற்றவில்லை என்றால், அது கசிந்து இணைப்பை அரித்துவிடும். கழற்றிய பற்றரி மூடி எங்கே போனது என்பதும் விமான வேலையில் சின்ன விஷயம் இல்லை. ஹேங்கரில் ஒரு திருகாணி காணாமல் போனாலே அது கிடைக்கும் வரை விமானம் வெளியே போகாது. இன்னொன்று: டிஜிட்டலை ஒன் பண்ணும்போது அதன்மேல் பாரம் எதுவும் இல்லாமல் மேசையில் வைத்திருக்க வேண்டும். கையில் அழுத்திப் பிடித்தபடி ஒன் பண்ணினால், அந்த அழுத்தத்தையே அது பூச்சியமாக எடுத்துக்கொள்ளக்கூடும். அப்புறம் வரும் ஒவ்வொரு அளவும் அதே அளவுக்குத் தவறும்.

சரி, இனி டெஸ்டருக்கு வருகிறேன். இந்த மடலை எழுதத் தூண்டியதே அதுதான்.

டோர்க் டெஸ்டர் என்பது மேசையில் பொருத்தும் ஒரு அளவி. அதன் சதுரக் குழியில் ரெஞ்சை மாட்டி இழுத்தால், உண்மையில் எவ்வளவு டோர்க் வந்தது என்று காட்டும். ஒரு கிளிக் ரெஞ்சை 60க்கு செட் பண்ணி மூன்று பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். மெதுவாக இழுத்துக் கிளிக்கில் நிறுத்துகிறவருக்கு 60க்குப் பக்கத்தில் வரும். வெடுக்கென்று இழுக்கிறவருக்குக் கூட வரும். கிளிக் கேட்ட பிறகும் நிச்சயத்துக்காக இன்னொரு தடவை அழுத்துகிறவருக்கு அதைவிடக் கூட வரும். பிடியின் நடுவை விட்டு மேலே தள்ளிப் பிடித்தால் எண் எப்படி மாறுகிறது என்பதையும் அவர்களே பார்ப்பார்கள். அதே மூவரையும் டிஜிட்டலில் இழுக்கச் சொன்னாலும், வெடுக்கென்று இழுக்கிறவர் அங்கேயும் எல்லையைத் தாண்டிப் போவார். பஸர் அடிப்பதற்கும் கை நிற்பதற்கும் இடையில் ஒரு நொடித் துண்டு இருக்கிறது, அதற்குள் நட்டு திரும்பிவிடும். அளவெடுக்கிற கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இழுக்கிற கை பழகாவிட்டால் பலன் இல்லை என்பதை ஆசிரியர் வாயால் சொல்லத் தேவையே இல்லை, அந்த எண் சொல்லிவிடும். நான் வேலை பழகிய ஹேங்கரில் காலை ஷிப்ட் தொடங்கும்போது, அன்றைக்கு எடுக்கும் ரெஞ்சை டெஸ்டரில் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் விமானத்துக்குக் கொண்டுபோவோம். ஒரு நிமிட வேலை. பிள்ளைகளுக்கு முதல் நாளிலிருந்தே அந்தப் பழக்கத்தை ஊட்டிவிட்டால், உலகின் எந்த ஹேங்கருக்குப் போனாலும் மேற்பார்வையாளரின் நம்பிக்கையைச் சீக்கிரம் பெறுவார்கள்.

டெஸ்டர் இருந்தால் நீட்டுத்துண்டுக் கணக்கையும் கண்ணால் காட்டலாம். ஒடுங்கிய இடத்துக்குக் காகக்கால் மாதிரியான துண்டை ரெஞ்சின் முனையில் நேராக மாட்டினால் நெம்புகோல் நீளுகிறது, ஆகவே செட்டிங்கைக் குறைக்க வேண்டும். ரெஞ்சின் நீளம் 10 அங்குலம், துண்டு 2 அங்குலம், நட்டுக்கு வேண்டியது 120 என்றால், 120ஐ 10ஆல் பெருக்கி 12ஆல் வகுத்து 100க்கு வைக்க வேண்டும். அதே துண்டைச் செங்குத்தாகத் திருப்பி மாட்டினால் திருத்தம் தேவையில்லை. கரும்பலகையில் இதைப் போட்டால் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். டெஸ்டரில் தாங்களே இழுத்துப் பார்த்தவர்கள் மறப்பதில்லை.

கலிபிரேஷன் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் பட்டியல்களில் இது வருவதே இல்லை. ரெஞ்ச் வாங்கக் காசு தருகிறவர்கள், அடுத்த வருடம் அதைச் சோதிக்கக் காசு தருவதில்லை. ஐஎஸ்ஓ 6789, வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் 12 மாதத்துக்கு ஒருமுறை, அல்லது 5000 தடவை இழுத்ததும், எது முந்தி வருகிறதோ அப்போது கலிபிரேஷன் செய்யச் சொல்கிறது. பயிற்சிக் கூடத்தில் ஒரு வகுப்பு முழுவதும் இழுத்துப் பழகினால் 5000 என்பது சீக்கிரம் வந்துவிடும். கீழே விழுந்த ரெஞ்ச், கலிபிரேஷன் ஸ்டிக்கரில் திகதி மிச்சம் இருந்தாலும் சோதிக்கும் வரை வேலைக்கு வராது. டிஜிட்டலுக்கும் இந்த இரண்டு விதியும் அப்படியே பொருந்தும். "டிஜிட்டல்தானே, அதற்கு எதுக்கு கலிபிரேஷன்?" என்று ஒரு பொறுப்பாளரே என்னிடம் கேட்டதுண்டு. உள்ளே இருப்பது உலோகத்தில் ஒட்டிய திரிபுமானி. அது வளைவதை மின்னழுத்தமாக மாற்றி எண்ணாகக் காட்டுகிறது. அதுவும் காலத்தோடு நகரும், அடிபட்டால் கெடும். கெட்ட பிறகும் திரை அழகாக எண் காட்டிக்கொண்டே இருக்கும். அதுதான் எனக்குப் பயம்.

எங்கே கலிபிரேஷன் செய்வது? கடைத் தராசுகளுக்கு வருடாவருடம் முத்திரை வைக்கும் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம்தான் இலங்கையின் தேசிய அளவு நியமங்களையும் வைத்திருக்கிறது. ஆய்வுகூடங்களுக்கு ஐஎஸ்ஓ 17025 தரத்தின்படி அங்கீகாரம் கொடுப்பது இலங்கை அங்கீகாரச் சபை. ஒரு ஆய்வுகூடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அதன் அங்கீகாரம் டோர்க் அளவீட்டுக்கும் உண்டா என்று கேளுங்கள். எடைக்கும் வெப்பநிலைக்கும் மட்டும் அங்கீகாரம் பெற்ற இடத்தில் டோர்க் ரெஞ்சைக் கொடுத்துப் பயனில்லை. கொழும்புப் பக்கம் அனுப்பும்போது பஸ்ஸின் பின்பெட்டியில் போடாமல், ஒருவர் கையில் வைத்துக் கொண்டுபோகட்டும். கூடத்தில் சொந்த டெஸ்டர் இருந்தால், பயிற்சிக்கு மட்டும் பயன்படும் ரெஞ்சுகளை அதிலேயே அடிக்கடி சரிபார்த்துக்கொண்டு, டெஸ்டரை மட்டும் வருடத்துக்கு ஒருமுறை அனுப்பலாம். செலவும் அலைச்சலும் குறையும். ஆனால் உண்மையான விமானத்தைத் தொடும் எந்த ரெஞ்சுக்கும் இந்தச் சலுகை கிடையாது. அதற்கு முறையான சான்றிதழ் வேண்டும். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் தெளிவாகத் தெரிந்து வெளியே போக வேண்டும்.

பதிவேடு ஒன்றும் வேண்டும். ஒவ்வொரு வேலைத் தாளிலும் எந்த ரெஞ்சால் இறுக்கினோம் என்று அதன் தொடர் இலக்கத்தை எழுதப் பழக்குங்கள். பயிற்சி எஞ்சினில் கூட. காரணம் இதுதான்: ஒரு ரெஞ்ச் கலிபிரேஷனுக்குப் போகிறது, அங்கே அது 10 வீதம் குறைவாக இறுக்கியிருக்கிறது என்று தெரியவருகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசியாக அது சரியாக இருந்த நாளிலிருந்து இன்றுவரை அது தொட்ட ஒவ்வொரு நட்டையும் தேடிப் பிடிக்க வேண்டும். இலக்கம் எழுதியிருந்தால் சில விமானங்களைப் பார்த்தால் போதும். எழுதாவிட்டால் எல்லா விமானத்தையும் சந்தேகப்பட வேண்டும். டிஜிட்டல் ரெஞ்ச் தானே அளவுகளைச் சேமிக்கும் என்று விற்பவர் சொல்வார். சேமிக்கும்தான். ஆனால் எந்த விமானத்தின் எந்த நட்டு என்று யாராவது எழுதாத வரைக்கும் அந்த எண்களுக்கு உரிமையாளர் இல்லை.

எந்த ரெஞ்சும் பார்க்காதவையும் இருக்கின்றன. 2007 ஓகஸ்ட் 20ஆம் திகதி, ஜப்பானின் ஒகினாவாவில் நஹா விமான நிலையத்தில் சைனா எயர்லைன்ஸின் போயிங் 737-800 ஒன்று தரையிறங்கி, நிறுத்துமிடத்துக்கு வந்து நின்றதும் தீப்பற்றி எரிந்தது. உள்ளே இருந்த 165 பேரும் தப்பினார்கள். இறக்கையின் முன்விளிம்பை நீட்டி மடக்கும் பொறிமுறையில் இருந்த ஒரு போல்ட் தொகுதி கழன்று விழுந்து, எரிபொருள் தாங்கியைத் துளைத்திருந்தது. நட்டின் பக்கத்தில் இருக்க வேண்டிய ஒரு வொஷர் அங்கே இல்லை என்பதை விசாரணை கண்டுபிடித்தது. ஒரு வொஷர். இறுக்கும் நேரத்தில் கையில் எவ்வளவு விலையுள்ள ரெஞ்ச் இருந்திருந்தாலும் அது "வொஷரைக் காணவில்லை" என்று சொல்லியிருக்காது. பாகங்களைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, டோர்க் கொடுத்து, நட்டின் குறுக்கே நிறக்கோடு போட்டு, அப்புறம் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டும் ஒழுங்கு இருக்கிறதே, அதைச் சொல்லிக்கொடுக்க வகுப்பில் நேரம் ஒதுக்குங்கள். காசு செலவில்லாத பாடம் இது.

வெளிநாட்டு உறவுகளிடம் தனியாக ஒரு வேண்டுகோள். கருவி அனுப்புவது உங்கள் அன்பு என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் பெட்டி வந்து சேர்ந்த நாளில் படம் எடுத்து அனுப்பியதோடு அந்தத் தொடர்பு முடிந்துவிடுவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். இரண்டாம் வருடம் ஸ்டிக்கரில் திகதி கடந்த ரெஞ்ச் அலுமாரியில் கிடக்கும். அதைத் தொட்டால் பழுதாகிவிடும் என்று ஆசிரியர் பூட்டி வைத்திருப்பார். புதிதாக ஒன்றை வாங்கித் தருவதைவிட, இருக்கும் மூன்று ரெஞ்சுக்கும் ஒரு டெஸ்டருக்கும் ஐந்து வருடக் கலிபிரேஷன் செலவை ஏற்றுக்கொள்கிறோம் என்று ஒரு சங்கம் எழுதிக் கொடுத்தால், அது நம் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. அதில் படம் எடுக்க ஒன்றும் இருக்காதுதான். ஆனாலும் செய்யுங்கள்.

கொள்வனவுக் குழுவினரே, விலைமனு கோரும்போது "டோர்க் ரெஞ்ச், தரமானது, 4" என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். எந்த வரம்பு, எந்த யூனிட், எந்த டிரைவ், தொடர் இலக்கத்தோடு கலிபிரேஷன் சான்றிதழ் வருமா, பழுதுபார்க்க உள்ளூரில் ஆள் உண்டா என்று கேட்டு எழுதுங்கள். டிஜிட்டலுக்கு, நட்டு ஓடும்போதே டோர்க்கைக் காட்டும் முறையும், உச்ச அளவைப் பிடித்து வைக்கும் முறையும் இரண்டுமே இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பற்றரியில் ஓடுகிறதா என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத விலைமனு ஆகக் குறைந்த விலையாக இருந்தாலும் ஒதுக்கிவிட உங்களுக்கு அப்போது காரணம் இருக்கும். கணக்காய்வாளர் கேட்டாலும் காட்டலாம்.

விவரக்குறிப்பை எழுத ஆள் தேவை என்றால் கூப்பிடுங்கள், வருகிறேன். சனி, ஞாயிறு என்றாலும் பரவாயில்லை. மூதூர், கிண்ணியா, கந்தளாய் எந்தப் பக்கம் என்றாலும் சரி. இருக்கும் பழைய ரெஞ்சுகளை எடுத்து வையுங்கள். எது வகுப்புக்கு உதவும், எதை ஒதுக்க வேண்டும் என்று முதலில் ஒன்றாக உட்கார்ந்து பிரித்துவிடுவோம். அதற்குப் பிறகு விலைமனுவை வெளியே அனுப்பலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்பு மெக்கானிக் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.